முதுகுச் சுவரில் ராக்கை அடித்தது

அக்கா வீட்டுச் சுவரில் சாமான் வைக்க ராக்கை, அதாவது பலகைத் தட்டு, அடிப்பது அரை நாள் வேலை என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். கொழும்பில் மாடி வீடு கட்டும் இடங்களில் அதே வேலையை மாதக்கணக்கில் செய்திருக்கிறேன். கொங்கிரீட் சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, திருகாணியை முறுக்கிவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன் பிறகு கற்றதெல்லாம் போன போன ஊரில் கிடைத்த வேலையில் கற்றதுதான். வவுனியாவில் கிணறு கட்டினேன், நீர்கொழும்பில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன், கொழும்பில் ட்ரில் மெசின் பிடித்தேன். மெசின் என் சொந்தம். உடுப்புப் பையைவிட அதைத்தான் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா இருப்பது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் நீளக் கட்டடத்தில். கொழுந்துக் கூடையோடு வடிகால் கானில் சறுக்கி விழுந்ததில் வலது தோள் போய்விட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்ட முடியாது, செடிக்கு மேலே கையை ஓட்ட முடியாது. அத்தான் இறந்து கொஞ்ச காலமாகிறது. மகள் கலியாணம் முடித்து அவிசாவளையில் இருக்கிறாள். கொழும்பில் ஒரு வீட்டில் தங்கி ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டிருந்தார். மாதம் முடிவதற்குள் அக்கா பதில் சொல்ல வேண்டும்.

"அடுத்தவங்க குசினியில பாய் விரிச்சுப் படுக்கவா நான் இவ்வளவு காலம் மலை ஏறுனேன்?" என்றாள்.

அவள் நினைத்திருந்தது ஒரு கடை. பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளேயே அரிசி, கோதுமை மா, பருப்பு, டின்மீன், சவர்க்காரம். ஜன்னல் வழியாக வியாபாரம். தோட்டங்களுக்கு வேனில் சாமான் போடும் முதலாளி ஒருவர் கடனுக்குத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் தரையில் வைப்பதற்குத் தரமாட்டாராம். லயத்துத் தரையில் மழைக்காலம் முழுக்க ஈரம் ஊறும். வேறொரு தோட்டத்தில் அப்படித் தரையில் அடுக்கிய மா மூட்டையெல்லாம் கட்டிதட்டிப் போயிருக்கிறது. "வியாழக்கிழமை வருவேன். சுவத்துல ராக்கை இருந்தா இறக்குவேன். இல்லாட்டி கீழ் லயத்துல கேக்குறாங்க, அங்க குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா எனக்குப் போன் போட்டது அதற்காகத்தான். நான் போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை.

காலுள்ள ராக்கை செய்யலாம்தான். மண்தரை ஈரத்தில் மரக்கால் ஒரு மழைக்காலம் தாங்காது. எலிக்கும் அது ஏணி. சுவரில்தான் அடிக்க வேண்டும். எந்தச் சுவர் என்பதிலும் யோசிக்க ஒன்றுமில்லை. முன்சுவரில் கதவும் ஜன்னலும். பக்கத்துச் சுவர்கள் இரண்டும் கையால் தட்டினால் அடுத்த வீட்டில் யாரென்று கேட்கும் அளவுக்கு மெல்லியவை. மிஞ்சியது பின்சுவர். இது இரட்டை லயம். நடுவில் ஒரே கருங்கல் சுவர், இந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு, அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு, இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டியபடி. சுவர் கூரைவரை போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் வெறும் இடைவெளி. அது வழியாகப் பின்வீட்டுப் புகை, பேச்சு, டிவி சத்தம் எல்லாம் இந்தப் பக்கம் வரும்.

பின்வீட்டில் இருப்பவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவளும் அக்காவும் ஒரே வயது, ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். மதினியின் ஆடு அக்காவின் போஞ்சிக் கொடியைத் தின்றது. அக்கா ஆட்டை விட்டுவிட்டு ஆட்டுக்காரியைத் திட்டினாள். அதோடு இருவரும் நேரே பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

நேரே பேசுவதைத்தான் நிறுத்தினார்கள். லயத்தில் கோபித்துக்கொண்டவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. அக்கா சொல்ல வேண்டியதை அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் கேத்தலிடம் சொல்வாள், சுவருக்கு மேலே போகிற மாதிரி. மதினி தன் ஆட்டிடம் பதில் சொல்வாள். மழைக்கு ஆட்டை வீட்டுக்குள்தான் கட்டியிருப்பார்கள்.

நான் திங்கட்கிழமை காலை மெசினைக் கையில் எடுத்தேன். வரும் வழியில் அட்டன் கடையில் வாங்கிவந்த இரும்புச் சட்டம் இரண்டை நட்டமாக நிறுத்தி, அவற்றில் பலகை தாங்கும் கைகளைப் பொருத்துவது திட்டம். துளை லேசாக இறங்கியது. வெள்ளைத் தூள் கொட்டியது. பிளக் இறுக்கமாக உட்கார்ந்தது. மதியத்துக்கு முன்பே மூன்று தட்டுக்கும் யூக்கலிப்டஸ் பலகை ஏற்றிவிட்டேன். கொழும்பு மேசன் பாஸ் ஒருவர் பழக்கிய சோதனை ஒன்று உண்டு: மேல் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு ஆளே தொங்குவது. தொங்கினேன். அசையவில்லை.

அக்கா பிளேன்டீயோடு நின்று பார்த்தாள். "நீ என்ன பாரம் இருப்ப? மூணு வேளையும் தின்னவன் மாதிரியா இருக்க?"

"மூணு பேர் தொங்கினாலும் தாங்கும்."

"நீ தொங்கிட்டு எறங்கிருவ. மா மூட்டை எறங்காது, தம்பி. அது அங்கனயே கெடக்கும்."

அவள் விடவில்லை. ஆற்று மணல் இரண்டு சாக்கும், வெளியே பீலிக் குழாயில் பிடித்த தண்ணீர்க் கேன்களும் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். ரொட்டி தின்ன உட்கார்ந்தோம். சுவரிலிருந்து ஒரு முனகல் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சட்டம் மெதுவாக முன்னால் சாய்ந்தது, கூடவே பாய் அகலத்துக்கு வெள்ளைப் பொருக்கு ஒன்று உரிந்து வந்தது. பிறகு எல்லாம் ஒன்றாகத் தரைக்கு வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ரொட்டியில் மணல் விழுந்தது.

சுவருக்கு மேலே மதினியின் குரல் வந்தது. ஆட்டிடம்தான். "தலையைப் பாத்துக்கடி. கொழும்பு மேஸ்திரி வந்துருக்காரு. லயத்தையே புதுசாக் கட்டப் போறாரு."

உரிந்த துண்டை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். வெள்ளை, அதன் கீழ் நீலம் கலந்த வெள்ளை, மறுபடி வெள்ளை, ஒரு மஞ்சள், மறுபடி வெள்ளை. சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு. தோட்டம் அடித்தது, அத்தான் அடித்தது, ஒவ்வொரு தீபாவளிக்கும் அடித்தது. லயத்தில் யாரும் பழசைச் சுரண்டிவிட்டு அடிப்பதில்லை, அப்படியே மேலே பூசிவிடுவோம். நானும் சின்ன வயதில் தும்பு மட்டையால் அப்படித்தான் பூசியிருக்கிறேன். என் பிளக் பிடித்துக்கொண்டிருந்தது சுவரை இல்லை, தீபாவளிகளை. அதற்குப் பின்னால் களிமண்ணும் கருங்கல்லும் இருந்தன.

அடுத்ததாகக் கல்லிலேயே துளைப்போம் என்று பார்த்தேன். துளை முனை சிவந்து மழுங்கியது. ஒரு கல்லில் எப்படியோ இறங்கியது. பிளக்கைப் போட்டு முறுக்கினேன். கல்லே பல் ஆடுவதுபோல் ஆடியது. அந்தக் களிமண் கல்லைப் பிடித்து வைக்கவில்லை. கல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்த பாரத்தில்தான் சுவர் நிற்கிறது. இழுத்தால் வந்துவிடும். ஒரு ராக்கைக்காக லயத்தை உருவிப் போட முடியாது. மெசினைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

இனி ஒரு வழிதான் இருந்தது. முழு நீளத்துக்கும் மரை வெட்டிய கம்பியைச் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை விட்டு, இரண்டு பக்கமும் இரும்புத் தகட்டை வைத்து நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். சுவரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பிடிப்பதுபோல. அப்போது பாரத்தை ஒரு கல் தாங்காது, சுவர் முழுக்கத் தாங்கும். ஆனால் மறு உள்ளங்கை மதினியின் வீட்டில் இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். "நீயே போய்க் கேளு. நான் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றாள்.

லயத்தின் கோடியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். மதினி உள்ளே கூப்பிட்டாள். அவள் புருசன் தொழிற்சாலையில் ராத்திரி வேலை, போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எந்த இடத்தில் கம்பி வர வேண்டும் என்று நினைத்தேனோ, சரியாக அந்த இடத்தில் அவர்களுடைய சாமிப் படங்கள் ஆணியில் தொங்கின. நடுவில் முருகன், பக்கத்தில் மாரியம்மன், ஓரத்தில் மாமியார்.

"கம்பி முருகன் நெஞ்சுல வருமா, நெத்தியில வருமா?" என்று கேட்டாள் மதினி.

"படத்தைக் கழட்டிட்டுத்தான் மதினி போடுவோம். அப்புறம் அந்தக் கம்பியிலயே ஒங்களுக்கு ஒரு பலகை போட்டுத் தாரேன். சாமி ஆணியில தொங்க வேணாம், பலகையில நிக்கலாம்."

அவள் சுவரைப் பார்த்தாள். பலகை பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. "பலகை நல்லதுதான். ஆனா கேக்க வேண்டியவ கேக்கலியே. அவளுக்கு வாய் இல்லியா? போஞ்சிக்கு இருந்துச்சே."

"தோள் சரியில்லாத ஆளு மதினி. கடை இல்லாட்டி கொழும்புக்குப் போயிரும்."

"எதுக்கு?"

"வீட்டு வேலைக்கு. தங்கி."

மதினி சாமிப் படத்தின் மேலிருந்த பழைய பூவை எடுத்துப் போட்டாள். "கேக்கச் சொல்லுங்க தம்பி. ஒரு வார்த்த" என்றாள்.

அக்கா கேட்கவில்லை. அன்று பின்னேரம் மழை தகரத்தில் இறங்கும்போது அடுப்பின் முன் உட்கார்ந்து கேத்தலிடம் பேச ஆரம்பித்தாள். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் கத்தித்தான் பேசினாள்.

"கேத்தலே, ஒனக்குத் தெரியுமா, நாலு ஓட்டை போடணுமாம். ஓட்டைதான கேக்குறோம், ஊரையா கேக்குறோம்?"

மறுபக்கம்: "ஆடே, ஓட்டை போடுறவங்க மொதல்ல அவங்க வாயில இருக்குற ஓட்டையை அடைக்கணும்."

"கேத்தலே, அன்னைக்குக் கோவத்துல ஒரு வார்த்த கூடுதலா வந்துருச்சு. யாருக்குத்தான் வரல? போஞ்சி திரும்ப மொளச்சிருச்சு."

நான் ஆணி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மதினியின் புருசன் இருமும் சத்தம் கேட்டது.

"ஆடே," என்றது சுவருக்கு மேலே குரல், "காலையில வந்து போடச் சொல்லு. சாமிப் பலகை என் பக்கத்துல ரெண்டு சாண் அகலம் வேணும். ஒரு சாண்னு ஏமாத்துனா நட்டைக் கழட்டிருவேன்னு சொல்லு."

அக்கா கேத்தலை இறக்கி வைத்தாள். "கேட்டுச்சுல்ல? ரெண்டு சாண்" என்றாள் என்னிடம்.

செவ்வாய்க்கிழமை காலை பொகவந்தலாவை பஸாரில் கம்பி கிடைத்தது. கடைக்காரர் சிங்களத்தில் பாலம் கட்டப் போகிறாயா என்று கேட்டார். தகடும் நட்டும் வொசரும் அங்கேயே எடுத்தேன். ஒரு பக்கம் கூர் தீட்டிய கம்பி ஒன்றை இரும்பு வேலைக்காரரிடம் அடித்து வாங்கினேன். இந்தச் சுவருக்கு மெசின் உதவாது. கல்லுக்கு நடுவே களிமண் ஓடும் வழி பார்த்து, கூர்க்கம்பியைச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்க வேண்டும். கல்லில் மோதினால் சத்தம் மாறும், அப்போது எடுத்துவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும்.

என்ன கஷ்டமென்றால், சுவர் ஒரு முழத்துக்கும் மேல் தடிப்பு. இந்தப் பக்கம் களிமண் ஓடும் இடத்துக்கு நேர் பின்னால் அந்தப் பக்கம் பெரிய கல் இருக்கலாம். எந்த இடத்துக்கு எந்த இடம் நேர் என்று முதலில் தெரிய வேண்டும். கூரைக்குக் கீழே இருந்த இடைவெளி அதற்கு உதவியது. ஒரு நீளக் கயிற்றைச் சுவரின் தலைக்கு மேலே போட்டு, இரண்டு முனையிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். சுவரின் குறுக்கே நேராகக் கிடந்தால் இரண்டு கயிறும் ஒன்றுக்கொன்று நேர். அதன்மேல் சாண் அளந்து குறிக்கலாம். ஆனால் கயிறு நழுவாமல் இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும், நான் இடையில் லயத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

இந்தப் பக்கம் அக்கா இடது கையால் பிடித்தாள். அந்தப் பக்கம் மதினி.

முதலில் என் வழியாகத்தான் பேசினார்கள். "தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் எறக்கச் சொல்லு." "தம்பி, எறக்கியாச்சுன்னு சொல்லுங்க." நான் வெளியே ஓடிக்கொண்டிருந்த ஒரு நேரம் கயிறு நழுவ ஆரம்பித்திருக்கிறது. கோடியைத் திரும்பும்போதே கேட்டது.

"விடாதடி, என் பக்கம் ஓடுது."

"நான் எங்க விட்டேன்? நீதான் ஒத்தக் கையால புடிக்கிற."

"மத்தக் கை வந்தா புடிக்க மாட்டேனா?"

"சரி சரி. நான் இறுக்கிக்கிட்டேன். நீ சும்மா நில்லு."

நான் உள்ளே போனபோது அக்கா கயிற்றையே பார்த்தபடி நின்றாள். நான் சுவரில் கரியால் இடத்தைக் குறித்தேன்.

முதல் துளை ஒழுங்காகப் போனது. இரண்டாவது கல்லில் முட்டி மூன்று தரம் இடம் மாறியது. சுத்தியல் சத்தத்தில் மதினியின் புருசன் எழுந்து உட்கார்ந்தார். சுவரில் முருகன் இல்லை, முருகன் இருந்த இடத்தில் ஒரு இரும்பு முனை வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "ஏய், சாமி எங்கடி? வேலு மட்டும் வருது" என்றார். மதினி சிரித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் அக்காவும் சிரித்தாள், கேட்காத மாதிரி.

அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை. அந்தப் பக்கம் தகட்டை வைத்து நட்டைப் பிடித்தவர் அவர்தான். புதன்கிழமை பின்னேரத்துக்குள் நான்கு கம்பியும் ஏறி, அவற்றில் சட்டமும் பலகையும் மாட்டியாகிவிட்டது. துளைகளின் ஓரத்தைக் களிமண்ணால் அடைத்தேன். எங்கள் பக்கம் சாக்கு கிழியக் கூடாது என்பதற்காகக் கம்பியை நட்டோடு ஒட்ட வெட்டி, நுனியைச் சுத்தியலால் தட்டிப் பரப்பிவிட்டேன். அந்தப் பக்கம் கம்பியும் நட்டும் வெளியே நீட்டி நின்றன. அவற்றின்மேல் மதினியின் பலகை, இரண்டு சாண் அகலத்தில்.

வியாழக்கிழமை வேன் மதியத்துக்குப் பிறகுதான் வந்தது. முதலாளி உள்ளே வந்து ராக்கையைப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், நடுப் பலகையில் முழங்கையை ஊன்றி அழுத்தினார். "விழாதுல்ல?" என்று கேட்டார்.

அக்கா எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "விழுந்தா ரெண்டு வீட்டுலயும்தாங்க விழும்."

அவர் வேன் பொடியனைப் பார்த்துத் தலையாட்டினார். அரிசி கீழ்த்தட்டில், மா நடுவில், டின்மீனும் சவர்க்காரமும் மேலே. ஏற்றி முடித்தபின் நான் சட்டத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயிரிழை அளவுக்கு முன்னால் வந்திருந்தது. பயப்பட வேண்டியதில்லை, களிமண் பாரத்தில் அமுங்கும். அமுங்கும்போது தகடு தளரும், தளர்ந்தால் நட்டை இறுக்க வேண்டும். முதல் ஒரு மாதத்துக்கு அவ்வப்போது இறுக்கினால் பிறகு தானாக நின்றுவிடும். எங்கள் பக்கத்து நட்டு, நுனியைத் தட்டிப் பரப்பியதில், இனித் திரும்பாது. இறுக்கும் நட்டு இருப்பது மதினியின் பக்கத்தில்.

அதை அக்காவிடம் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வேணுமின்னு செஞ்சியா?"

வேண்டுமென்று செய்யவில்லை. சாக்கு கிழியக் கூடாது என்றுதான் வெட்டினேன். அதைச் சொன்னேன். அவள் நம்பினாளோ என்னவோ.

"நீ இருந்து இறுக்கிட்டுப் போயேன்" என்றாள்.

வலப்பனையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை கட்டும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதில்லாவிட்டாலும் நான் ஒரு மாதம் ஓரிடத்தில் இருந்திருக்க மாட்டேன், அது அவளுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலை பையைக் கட்டினேன். ஸ்பேனரை மதினியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எடுத்தேன். அக்கா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்து வெளியே போனாள். லயத்தின் கோடியைச் சுற்றித்தான் போகிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது, சுவருக்கு மேலே அவள் குரல் கேட்டபோது.

"இந்தா. தம்பி போறான். தளந்துச்சுன்னா முறுக்கணுமாம்."

"எப்படி முறுக்குறது?"

"எனக்கென்ன தெரியும்? வலப்பக்கமாம்."

"உள்ள வந்து காட்டு. வாசல்ல நின்னுக்கிட்டு வலப்பக்கம்னா எது வலப்பக்கம்?"

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக முடியவில்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டு, ஜன்னலில் முதல் ஆளாக வந்து நின்ற பெண்ணிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

மாதக் கடைசியில் அக்கா போன் போட்டாள். கொழும்பு வேலைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டாளாம். மா முடிந்து மறுபடி வேன் வந்ததாம். ராக்கை எப்படி என்று கேட்டேன்.

"நிக்குது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா முறுக்குறா. போதும்டின்னாலும் கேக்க மாட்டேங்குறா. நேத்து முறுக்குன முறுக்குல என் பக்கத்துச் சுண்ணாம்பெல்லாம் பருப்புல விழுந்துருச்சு" என்றாள்.